ஊசிவாய் அக்காவின் புகார்

உதடுகளுக்கு நடுவே ஐந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுகிறார். "நேரா நில்லுங்க. வயித்தை உள்ள இழுக்காதீங்க, வீட்டுக்குப் போனதும் அது வெளிய வந்துரும்." சொற்கள் ஊசிகளின் இடுக்கு வழியாகச் சீறிக்கொண்டு வருகின்றன. ஓர் ஊசிகூட விழுவதில்லை. என் கால்சட்டையின் நுனியை மடித்து ஊசி குத்துகிறார், ஓரடி பின்னால் நகர்ந்து பார்க்கிறார், திருப்தியில்லாமல் பிடுங்கி மறுபடி குத்துகிறார். "உங்க இடது கால் அரை விரல் குட்டை. இத்தனை வருஷமா யாரும் சொல்லலியா?" சொல்லவில்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு தையற்கடையில் நின்று தெரிந்துகொண்டேன்.

ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது கடை. படி சரிந்து இறங்குகிற பக்கம் தையல் இயந்திரம். அங்கே உட்காரத்தான் முடியும். நிமிர்ந்து நிற்க முடிகிற மூன்றடி இடம் வாடிக்கையாளருக்கு. யாராவது மாடியேறினால் தலைக்கு மேல் தடதடக்கும். "ரெண்டாவது மாடி கணக்கு டீச்சர்," என்பார் நிமிராமலே. "புதுச் செருப்பு." புதுத்துணி தைப்பதில்லை. பெரிதைச் சிறிதாக்குவார், ஜிப் மாற்றுவார், மற்றவர்கள் தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பார். "தைக்கறதுக்கு ஊர் பூரா ஆள் இருக்கு. பிரிக்கறதுக்குத்தான் பொறுமை வேணும்."

ஊசிவாய் அக்கா என்று பெயர் வைத்தவர் பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர். அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. "ஒண்ணு பார்த்தாத் தெரியும், இன்னொண்ணு பட்டாத் தெரியும்," என்கிறார் சாவிக்காரர், அக்காவின் காதில் விழும்படியாகவே.

ஊசிகளை அவர் வாயிலிருந்து எடுப்பது இரண்டே காரியங்களுக்கு. ஒன்று டீ குடிக்க. மற்றது ரயில் போலீஸைப் பற்றிப் பேச. தைத்து முடித்து ஆள் வராத துணிகளுக்கு நடுவே, கால்சட்டை மாட்டுகிற கிளிப்பில் ஒரு நீலக் கோப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நூறு பக்கமாவது இருக்கும். அது யாருடைய கால்சட்டை என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தேன். ஊசிகள் ஒவ்வொன்றாக மேசைமேல் இறங்கின.

அவருக்கு ஒரு தம்பி. ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர், வயது நாற்பத்து மூன்று. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அப்போது அக்காவுக்குப் பதினொன்று. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, வீட்டிலிருந்த இரண்டு குழந்தைகளும் கைகளால் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு தம்பி பள்ளிக்கூடத்தில் முறையான சைகை மொழி கற்றுவந்து அக்காவைத் திருத்தினார். உதடு அசைவையும் படிப்பார், எதிரே நின்று நிதானமாகப் பேசினால். "ஊமைன்னு எழுதிராதீங்க," என்று, நான் எழுதுகிற ஆள் என்று தெரிந்த முதல் நாளே எனக்கு உத்தரவு. "காதுதான் கேக்காது. பேச்சு அவனுக்கு என்னைவிட நல்லா வரும். கையில வரும்."

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது. தம்பி இரண்டாவது நடைமேடையில் இறங்கி, தோளில் கருவிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தார். அன்று காலை யாரோ ஒருவருடைய பழுப்பு நிறப் பை திருட்டுப் போயிருந்தது. தம்பியின் பையும் பழுப்பு. கீழிருந்து ஒரு போலீஸ்காரர் "ஏய், நில்லு!" என்று கத்தினார். மறுபடியும் கத்தினார். படியில் போன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரைத் தவிர.

பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார் போலீஸ்காரர். மூன்றாவது படியிலிருந்து தம்பி மல்லாக்கச் சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. உடைந்த கையையும் உடையாத கையையும் சேர்த்து முதுகுக்குப் பின்னால் விலங்கு பூட்டினார்கள்.

அக்கா இந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேனா என்று பார்த்தார். எனக்கு ஒரு கணம் பிடித்தது. கை கட்டப்பட்டால் நீங்களும் நானும் கத்தலாம். அவர் வாயையே அல்லவா பின்னால் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்!

நடைமேடைக் கோடியில் இருந்த அறையில் இரண்டு மணி நேரம். பெயர் என்ன, பை யாருடையது, ஏன் நிற்கவில்லை. பதில் சொல்லச் சொல்லி மேசையைத் தட்டினார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் விரல்களை அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். தம்பியை விலங்கோடு கொண்டுபோனதை மட்டும் பார்த்த சாவிக்காரர், ஒன்பதரைக்கு அக்கா கடை திறந்ததும் ஓடிவந்து சொல்ல, அக்கா இயந்திரத்தை ஓடவிட்டபடியே சாலையைக் கடந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஒரு போலீஸ்காரர் சொன்னாராம்: "உங்க ஆளா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற பழக்கமே கிடையாதா? சரியான திமிர்."

"கையை அவுத்துவிட்டுட்டுக் கேளுங்கடா," என்றார் அக்கா. 'டா' போட்டதற்காக இன்றுவரை அவர் வருத்தப்படவில்லை.

பழுப்புப் பையைத் தொலைத்தவர் அதற்குள் தன் பையை உணவகத்தில் மறந்துவைத்ததாகக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் தம்பியை அப்படியே விட முடியுமா? மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது; அதற்கு ஒரு காரணம் வேண்டும். பணிக்கு இடையூறு செய்ததாக ஒரு வழக்கைப் போட்டுக் கையில் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மருத்துவமனையில் கட்டுப்போட்ட டாக்டர் சீட்டில் 'படியில் விழுந்தார்' என்று எழுதினார். அக்கா சீட்டைத் திருப்பி நீட்டினார். "விழல. இழுத்துப் போட்டாங்க."

"நான் பார்க்கலையே அம்மா. பார்க்காததை எப்படி எழுதறது?"

"விழுந்ததை மட்டும் பார்த்தீங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்து, 'பின்னாலிருந்து இழுக்கப்பட்டு விழுந்ததாக நோயாளி தெரிவிக்கிறார்; கழுத்தின் முன்பக்கம் சிவந்த தடம்' என்று மாற்றி எழுதினார். அந்தத் தடத்தை அவரே அப்போதுதான் கவனித்தார்.

மறுநாள் புகார் கொடுக்கப் போனார்கள். நிலையத்துக்குள் இருந்த காவல் அறையில், இங்கே வாங்க மாட்டோம், தலைமை அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். தலைமை அலுவலகத்தில், சம்பவம் நடந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா அங்கிருந்து நகரவில்லை. "அந்த ஆபீஸ்ல இங்கேன்னாங்க, நீங்க அங்கேன்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் போன்ல பேசி முடிவு பண்ணுங்க. நான் உக்காந்திருக்கேன்." அரை மணி நேரத்தில் படிவம் வந்தது. கொண்டுவந்த போலீஸ்காரர் சிரித்த முகமாக, "புகார்னு போடாதீங்கக்கா. 'சம்பவ விவரம்'னு போட்டா சீக்கிரம் முடியும்," என்று ஆலோசனை சொன்னார்.

"சம்பவம்னா மழை பெய்யறது. இது புகார்." கொட்டை எழுத்தில் புகார் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

படிவத்தில் ஒரு கட்டம்: அதிகாரியின் பெயர், எண். அது தெரியாது. அந்த ஆள் மழைக்கோட்டைச் சட்டைமேல் மாட்டியிருந்தார். எண் உள்ளே போய்விட்டது. எண் இல்லாமல் படிவம் செல்லாது என்றார் சிரித்த முகம். அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து, சளி பிடித்த குரலில் பதிவுப்பிரிவு அம்மா ஒருவர், தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "தெரியாதுன்னு எழுதலாம். நேரம், நடைமேடை, எத்தனாவது படி, ஆள் எப்படி இருந்தார். அது போதும். அந்த நேரத்துல யார் டூட்டின்னு கண்டுபிடிக்கறது எங்க வேலை." மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். கேமரா பதிவு முப்பது நாள்தான் இருக்கும். அதை அழிக்காமல் வைக்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் இன்றைக்கே கொடுக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் தானாக அழிந்துவிடும். சிரித்த முகத்தின் சிரிப்பு அத்தோடு போயிற்று.

இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை கேட்டார் அக்கா. முத்திரை மை காய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று பதில். அக்கா பைக்குள் கைவிட்டு, ஓரம் மடிக்க வேண்டிய ஒரு ஜன்னல் திரையை எடுத்தார். நாலு மீட்டர் திரை. வரவேற்பறை பெஞ்சில் அதை விரித்துப்போட்டுக் கைத்தையல் போட ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லாம் திரையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒன்றரை மீட்டர் முடிவதற்குள் மை ஈரமாகிவிட்டது. "காய்ஞ்ச மை எப்படிங்க நனைஞ்சுது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். கேட்காமல் வாங்கியிருந்தால் அவர் அக்கா இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் இந்த முத்திரையைக் குத்தாமல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், சீருடையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர். அவர்களிடம் மை காய்ந்துவிட்டது என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதற்காகவே காய்கிற மை அது.

ஆறு வாரம் கழித்து அந்தப் போலீஸ்காரர் தரப்பு விளக்கத்தின் நகல் வந்தது. கோப்பில் அந்தப் பக்கத்தை அக்கா என்னிடம் காட்டினார். 'சந்தேகத்துக்குரிய நபர் திடீரெனத் திரும்பி என்மேல் பாய்ந்தார். தற்காப்புக்காக அவரது சட்டையின் முன்புறத்தைப் பிடித்தேன். அவர் திமிறியதில் தானாகவே நிலைதடுமாறி விழுந்தார்.' கேமரா பதிவு பற்றியும் ஒரு வரி: அந்தப் படிக்கட்டை நோக்கிய கேமரா அன்று பழுதாக இருந்தது. "காலையில ஏழு மணிக்கு நல்லாயிருந்துச்சாம். எட்டு மணிக்கும் நல்லாயிருந்துச்சாம். நடுவுல மட்டும் அதுக்குக் கண்ணு வலி."

அந்த வாரமே கடைக்கு ஒரு தூதர் வந்தார். ரயில் போலீஸில் கொஞ்சம் பெரிய ஆள். சீருடைக் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று வந்து நின்றார். அக்கா மண்டியிட்டு ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது மேலிருந்து பேச்சு இறங்கியது.

"அவனும் புள்ளகுட்டிக்காரன். ஏதோ ஒரு அவசரத்துல நடந்துபோச்சு. நீங்க வாபஸ் வாங்கிட்டீங்கன்னா, தம்பி மேல இருக்கற அந்த இடையூறு கேஸும் இல்லாமப் போயிரும். ரெண்டு பேருக்கும் நல்லது."

அக்கா ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "தப்பு பண்ணியிருந்தா கேஸை எதுக்கு எடுக்கறீங்க? பண்ணலைன்னா எதுக்குப் போட்டீங்க?"

அவர் குனிந்து கால்சட்டை நுனியைப் பார்த்தார். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கங்க," என்றார் அக்கா. கால்சட்டையை நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "அவர் மேல கோபம்னா துணி என்ன பண்ணுச்சு?"

ஆனால் அந்தத் தூது வந்ததை அவர் தம்பியிடம் சொல்லவில்லை. இதை அக்கா தானாகச் சொல்லவில்லை; சாவிக்காரர்தான் போட்டுக்கொடுத்தார். தம்பியிடம் அதைத் தாளில் எழுதிக் காட்டியவரும் அவரே. தம்பி கடைக்குள் வந்து இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினார். அப்போதுதான் கட்டுப் பிரித்த கை. அந்தக் கையாலேயே பேசினார். அக்கா எனக்கு அதைச் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் கழுத்து. என் கை. என் பேர்ல கேஸு. அவங்க என்னைக் கேக்கல. நீயும் கேக்கல."

"உனக்காகத்தானே அலையறேன்னு சொன்னேன். சின்ன வயசுலேர்ந்து எனக்காக எனக்காகன்னு சொல்லியே என் பேச்சையெல்லாம் நீயே பேசிட்டன்னான். பஸ்ல சீட்டு வாங்கறது, டாக்டர்கிட்ட சொல்றது, பொண்ணு வீட்ல பேசினது, எல்லாம் நான்தான். அந்தப் பொண்ணு வேணாம்னு போனது இவன் காதுக்காக இல்லையாம், என் வாய்க்காகவாம். அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்." பாபினில் நூல் சுற்றினார். "விட்டுருன்னான். எனக்கு அசதியா இருக்கு, ராத்திரி படுத்தா கழுத்துல யாரோ கை வைக்கற மாதிரியே இருக்கு, எல்லாத்தையும் விட்டுருன்னான். சரின்னுட்டேன்."

அக்கா சரி என்று சொன்னதைச் சாவிக்காரர் இன்னும் நம்பவில்லை. ஆனால் மூன்று நாள் நீலக் கோப்பை அவர் தொடவேயில்லை. நாலாம் நாள் தம்பியே வந்து, கோப்பைக் கிளிப்பிலிருந்து எடுத்து, உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். 'என்மேல் பாய்ந்தார்' என்ற வரியில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: விசாரணைக்குப் போகலாம். நான் சொல்றேன். நீ குரல் மட்டும் குடு. ஒரு சொல்கூடச் சேர்க்காதே.

விசாரணை அதிகாரியின் அறையில் அப்படியே நடந்தது. தம்பி கைகளால் சொல்ல, அக்கா குரல் கொடுத்தார். விசாரணை அதிகாரி கேள்வியை ஒவ்வொரு தடவையும் அக்காவைப் பார்த்துக் கேட்டார். "உங்க தம்பி அப்போ என்ன நினைச்சார்?" அக்கா தம்பியைக் கைகாட்டினார். பத்து நிமிஷத்துக்குப் பிறகு அவர் தம்பியைப் பார்த்துக் கேட்கப் பழகிக்கொண்டார்.

சட்டையைப் பற்றி மட்டும் அக்கா தன் வாயால் பேசினார். அதற்கும் தம்பியிடம் கண்ணால் அனுமதி கேட்டார். அந்தச் சட்டை அவர் கையால் தைத்தது. புதிதாகத் தைப்பது தம்பிக்கு மட்டும்தான். சம்பவத்தன்று கழற்றியதை வெளுக்காமல், தைக்காமல், காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருந்தார். கிழிந்த ஒரு துணியை நாலு மாதம் தைக்காமல் வைத்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேசைமேல் சட்டையை விரித்தார். "முன்பக்கத்தைப் பிடிச்சேன்னு எழுதியிருக்கார். பாருங்க, நெஞ்சுப் பக்கத்துல ஒரு நூல் நகரல. பாக்கெட் அப்படியே இருக்கு. இந்தப் பென்சில் அன்னிக்கு அதுல இருந்தது, முனைகூட உடையல. இப்போ பின்னாடி பாருங்க." சட்டையைத் திருப்பினார். பிடரிக்கு நேரே காலர் தையலைவிட்டுப் பிய்ந்து, தோள்பட்டைத் துண்டு வரை வாய் பிளந்திருந்தது. "இது ரெட்டைத் தையல். நான் போட்டது. சும்மா திமிறினா விடாது. ஒரு ஆள் பின்னாடி நின்னு, தன் பாரம் முழுக்கப் போட்டு இழுத்தாத்தான் விடும். கண்ணாடி வேலை பார்க்கறவங்க சில்லு உள்ள போயிரக் கூடாதுன்னு கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பாங்க. அந்தப் பட்டன் காஜாவைக் கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கு. பின்னாடி இழுக்க இழுக்க முன்னாடி கழுத்தை அறுத்திருக்கு. டாக்டர் எழுதின தடம் அதுதான்."

விசாரணை அதிகாரி சட்டையைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார்.

"நம்பலைன்னா உங்க கோட்டைக் கழட்டி அந்த நாற்காலிக்கு மாட்டுங்க சார். நீங்களே முன்னாடி பிடிச்சு ஒரு தடவை இழுங்க, பின்னாடி பிடிச்சு ஒரு தடவை இழுங்க. எங்க கிழியுதுன்னு பாருங்க. கிழிஞ்சா நான் தைச்சுத் தரேன்."

கோட்டை அவர் கழற்றவில்லை. நீளமாக ஏதோ எழுதிக்கொண்டார். சட்டையை உறையோடு வாங்கி, இந்தத் தடவை கேட்காமலேயே முத்திரை குத்திய ரசீது கொடுத்தார்.

முடிவு வர இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. தேவைக்கு மேல் பலப்பிரயோகம் செய்தது நிரூபணம். இடையூறு வழக்கு ரத்து. அதிகாரிக்கு எழுத்துமூலமான கண்டிப்பு, ஆறு மாதத்துக்கு நடைமேடைப் பணி கிடையாது, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய் விளக்கம் எழுதியதைப் பற்றி மட்டும், 'நினைவுப் பிழையாக இருக்கலாம்' என்று ஒரு வரி. மொத்தத்தில், 'புகார் பகுதியளவு ஏற்கப்படுகிறது.'

கடிதம் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். அக்காவின் காது மடல் சிவந்துபோயிற்று. "பகுதின்னா என்ன அர்த்தம்? பாதிக் கழுத்தைப் பிடிச்சாரா? பாதிக் கை உடைஞ்சுதா? நினைவுப் பிழையாம்! எனக்கு ஒரு பட்டன் மாறினா வாடிக்கையாளர் கடையை ரெண்டாக்கறாங்க." அன்றைக்கே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்கு முன்னால் தம்பிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தம்பியின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. பெரிய கண்ணாடிகளைத் தூக்க முடிவதில்லை. குளியலறைக் கண்ணாடி, படச்சட்டம் என்று சிறிய வேலைகள் மட்டும். பேச்சிலும் ஓர் ஊனம் வந்துவிட்டது. ஏன் என்று கேட்க உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். வலது கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. இப்போது அதை மட்டும் இடது கையால் கேட்கிறார்.

இதற்கிடையே படிக்கட்டுக்கு அடியில் வேறொரு கூட்டமும் வர ஆரம்பித்துவிட்டது. ரயிலில் போலீஸிடம் கன்னத்தில் அறை வாங்கிய பழவியாபாரி, பயணச்சீட்டு இருந்தும் இறக்கிவிடப்பட்ட நர்ஸ். யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். அக்கா தைத்துக்கொண்டே கேட்கிறார், ஊசிகளுக்கு நடுவே அதட்டுகிறார். "நேரத்தை எழுதுங்க. எந்தப் பெட்டி? எந்த வாசல்? அடிச்ச கை வலதா இடதா? இன்னிக்கே டாக்டரைப் பாருங்க, நாளைக்கு வீக்கம் வத்திரும். கேமராவுக்குத் தனிக் கடிதம். நகல்ல முத்திரை வாங்காம வாசலைத் தாண்டாதீங்க." நர்ஸ் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார்; அராஜகம், அநியாயம், மனிதத்தன்மையற்ற என்று முதல் பத்தி முழுக்கக் கொதித்தது. "அதையெல்லாம் அடிச்சிருங்க தாயி. கோபத்துக்கு அந்தப் படிவத்துல கட்டம் கிடையாது. அதை இங்க வெச்சுக்குங்க," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நாலு தடவை அலையவிடுவாங்க. நாலாவது தடவைக்கு வேணும்." கேட்டாலும் எதையும் தானே எழுதிக் கொடுப்பதில்லை. "நீங்களே எழுதுங்க. உங்க வாய், உங்க கை," என்று தாளைத் திருப்பி நகர்த்திவிடுகிறார். இது புதுப் பழக்கம் என்கிறார் சாவிக்காரர்.

மன்னிப்புக் கேட்கிற நாளுக்குத் தம்பி ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம், குரல் கொடுக்க அக்காவும் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. "எழுத்துக்காரரே, நீங்க வாங்க," என்றார் அக்கா. "தம்பி கேக்கறான். நீங்க பேச வேணாம், நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காருங்க. எழுதற ஆள் இருந்தா அவங்க வார்த்தை கொஞ்சம் நேராகும்."

தலைமை அலுவலகத்தின் முதல் மாடியில் நீள்சதுர அறை. ஒரு மேசை, தண்ணீர்க் குவளை, ஆறு நாற்காலிகள். ஒரு பக்கம் விசாரணை அதிகாரியும் அந்தப் போலீஸ்காரரும். நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் இல்லை அவர். முப்பது வயது இருக்கும், ஒல்லி, ஷேவ் செய்ததில் தாடையில் ஒரு வெட்டு. இந்தப் பக்கம் தம்பி, கழுத்துப் பட்டன் வரை போட்ட வேறொரு சட்டையில். அவருக்குப் பக்கத்தில் அக்கா. ஓரத்தில் நான்.

போலீஸ்காரர் ஒரு தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தட்டச்சு செய்த தாள். பின்பக்கத்திலிருந்து எழுத்துகளின் நிழல் எனக்குத் தெரிந்தது. "கடந்த ஆண்டு இரண்டாம் எண் நடைமேடையில் நிகழ்ந்த சம்பவத்தில் தங்களது சகோதரருக்கு நேர்ந்த அசௌகரியத்துக்காக," என்று ஒரே மூச்சில் படித்தார். தங்களது சகோதரருக்கு. அதுவரை தாளை விட்டு வெளியே வந்த ஒரே பார்வையும் அக்காவின் மேல்தான் விழுந்தது. அவர் நிறுத்தினார். விசாரணை அதிகாரியும் அக்காவைப் பார்த்தார். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்பதாக மெல்லத் தலையசைத்தார்.

தம்பி மேசைமேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். போலீஸ்காரர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். தம்பி தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு அந்தத் தாளைச் சுட்டி, முகத்தை மறைக்காமல் இறக்கும்படி கையைக் கீழே இறக்கிக் காட்டினார்.

"என்ன சொல்றார்?" என்று போலீஸ்காரர் அக்காவிடம் கேட்டார்.

அக்காவின் கைகள் மேசைமேல் எழுந்தன. நாற்பது வருஷமாக அப்படி எழுந்து பழகிய கைகள். பாதி வழியில் அவர் அவற்றைப் பிடித்து நிறுத்தினார். இரண்டையும் கீழே இறக்கி, தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.